மார்கழி ஒழுகல்

மழை விட்டு இருபது நாள் ஆகிறது.
வெளியே வந்து பார்த்தால் வானம் துடைத்து வைத்தது போலிருக்கிறது.
உள்ளே சொட்டுகிறது.

முதல் சொட்டு மூணரை மணிக்கு,
இரண்டாம் ஈடு அடுப்பில் ஏறுகிற நேரம்.
சரியாகப் பிடரியில் விழும்.
யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்ப்பேன்.

காசிமேட்டில், துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம்,
பழைய வீட்டின் பின்கட்டு எங்களுடையது.
முன்கட்டுக்குத் தேக்கு உத்தரம், சுண்ணாம்புத் தளம்.
எங்களுக்குத் தகரம்.
தகரத்துக்கு அடியில் ஒட்டினாற்போல் தெர்மாகோல்.
கடையில் வாங்கியதில்லை.
ஏலம் முடிந்து வார்ஃபில் உடைந்து கிடந்த மீன்பெட்டிகளை
அறுத்து அறுத்துக் கம்பியில் சொருகினார் சவரிமுத்து,
என் வீட்டுக்காரர், சித்திரை வெயிலுக்குப் பயந்து.
சித்திரையில் குளிர்ந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
மார்கழியில் ஈரம் பட்டதும்
அதற்குப் பழைய வஞ்சிரமெல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது.
தெருப் பூனைகள் இரண்டு
வாசலில் உட்கார்ந்து கூரையையே அண்ணாந்து பார்க்கின்றன.

தார் பூசினோம். டப்பா அறுநூற்றைம்பது.
இன்னொரு டப்பா பூசினோம்.
ஆணித்தலை ஒவ்வொன்றுக்கும் எம்-சீலில் பொட்டு வைத்தோம்.
கிறிஸ்துமஸ் ஸ்டார் நனைந்து ஒரு கொம்பு தொங்கிவிட்டது.

ஓனர் கோவர்த்தனம் மொட்டைமாடியில் நின்று
எங்கள் தகரத்தின் மேல் டார்ச் அடித்தார்.
"மேல காஞ்சு கெடக்கு. எல்லாம் உங்க வீட்டு ஆவிதாம்மா" என்றார்.
எங்க வீட்டில் யாரும் தூக்கு மாட்டிக்கொள்ளவில்லை,
வாயை அளந்து பேசுங்கள் என்று கத்தினேன்.
தெரு கூடிவிட்டது.
வாடகையில் முந்நூறு குறைத்துக்கொண்டார்,
ஒழுகல் நிற்கும் வரைக்கும்.

ஷீட் வேலை செய்கிற அமல்தாஸ்
கூரைமேல் உட்கார்ந்து வெகுநேரம் தட்டினான்.
இறங்கி வந்து டீ கேட்டான்.
"ஓட்டையே இல்லக்கா" என்றான்,
"அதான் கோளாறு."

ஒரு மூடியை உருவினான்.
அரைச் செம்புத் தண்ணீர் அவன் தோளில் கொட்டியது.
பின்னால் கறுப்பாகப் பூஞ்சை.
தகரத்தின் உள்வயிற்றில் துளித்துளியாக,
விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டு,
எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன்.
இட்லிச் சட்டி மூடி.
நாளைக்குப் பன்னிரண்டு தடவை திறக்கிறேன்.

அப்படியென்றால் இது
என் பன்னிரண்டு ஈடு,
உள்ளே கொடிகட்டிக் காயப்போட்ட பெரியவள் யூனிஃபார்ம்,
நாலு பேர் மூச்சு, சவரிமுத்துவின் குறட்டை.
மேலே போக வழி பார்த்துப் போய்,
பனியில் விறைத்த தகரத்தைத் தொட்டு,
வழியில்லை என்று தெரிந்து
என் பிடரிக்கே திரும்பி வந்திருக்கிறது.

சுவர் உச்சியில் இரண்டு வென்டிலேட்டர் உண்டு.
எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்
சிமெண்ட் சாக்கைத் திணித்து அடைத்தது.
துறைமுகத்தில் நிலக்கரி கொட்டிய காலம் அது,
சோற்றில் கரி, தொட்டிலில் கரி,
வெள்ளைச் சட்டையை யாரும் வெளியே காயப்போடாத காலம்.
கரியை எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோய் எத்தனையோ வருஷமாச்சு.
சாக்கை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

இழுத்தேன்.
அந்தக் காலத்துக் கரி மொத்தமும் என் முகத்தில்.
இருமி முடிப்பதற்குள்
கடல்காற்று வீட்டுக்குள் வந்து
நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தது.

தெர்மாகோலைத் தகரத்தை விட்டு நாலு விரல் இறக்கி,
நடுவில் காற்று நடக்கிற மாதிரி
மறுபடி கட்டிக்கொடுத்தான் அமல்தாஸ்.
நனைந்ததைப் பூனைகளுக்கு விட்டோம். மோந்துவிட்டுப் போய்விட்டன.
கன்டெய்னர் லாரிப் புழுதி உள்ளே வருகிறது, வராமல் என்ன.
மாவுப் பாத்திரத்தைத் துணி போட்டு மூடுகிறேன்.

மூன்று ராத்திரியாகப் பிடரி காய்ந்திருக்கிறது.
சிலிண்டர் மூலையில் மட்டும்
இன்னும் ஒரு சொட்டு, விடியும்போது.
அதற்கு ஒரு டபரா வைத்திருக்கிறேன்.

"இன்னும் ஒழுகுதாம்மா?" என்றார் கோவர்த்தனம்,
ஒன்றாம் தேதி.
"ஒழுகுது சார்."
டபராவைக் கொண்டுவந்து காட்டினேன்.